அரைமண்டியும் தொடை எலும்பும்: ஒரு ஆளுக்கென்றே எலும்பு-தசை மாடல் செய்யும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் நடை ஆய்வகத்துக்குச் சாட்ஸ்வொர்த் புறநகரிலிருந்து ஒரு அம்மா தன் 16 வயது மகளை அழைத்து வந்தார். சின்ன வயதிலிருந்தே பரதம் ஆடுகிற பெண். அரைமண்டியில், அதாவது பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி முழங்காலை மடக்கி அரைவாசி உட்காரும் நிலையில், இரண்டு முழங்காலும் வலிக்கிறது, படி இறங்கும்போதும் வலிக்கிறது. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, தொடை எலும்பு அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறது போலத் தெரிகிறது, அறுவை செய்து அதைத் திருப்பி வைத்தால் முழங்காலுக்குப் போகும் சுமை குறையுமா, குறையுமென்றால் எத்தனை பாகை திருப்பலாம் என்று கேட்டு அனுப்பியிருந்தார். (குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி ஒரு கேள்வி வந்தால் கணினியில் அந்த ஆளுக்கென்றே ஒரு மாடலை எப்படிக் கட்டுவது என்று இங்கே உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. கொஞ்சம் இயற்பியலும் உடற்கூறும் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் அந்த ஆளுக்கென்று அளக்கப் போகாதீர்கள். கேள்விக்கான விடை எந்த எலும்பில், எந்த மூட்டில், எந்த அளவில் தொங்குகிறதோ அதை மட்டும் அந்த ஆளிடமிருந்து எடுங்கள், அதைக் கவனமாக எடுங்கள். மீதி சராசரியாகவே இருக்கட்டும். எங்கே அளந்தோம், எங்கே சராசரியைக் கடன் வாங்கினோம் என்பது தாளில் எழுதியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூன்று மாதம் உட்கார்ந்து 80 தசைகளையும் தனித்தனியாக வரைந்து, கடைசியில் மருத்துவர் கேட்ட முறுக்கை மட்டும் சராசரியாக விட்டுவிட்ட மாடல்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் கடன் என்கிறேன் என்றால், இந்தத் துறையில் பெரும்பாலோர் தொடங்குவது ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருளில், ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் டெல்ப் குழு 2007இல் வெளியிட்டது. அதோடு பலரும் எடுத்துக்கொள்கிற கால் மாடல் 2016இல் வந்த ராஜகோபால் மாடல். அதில் 80 தசை-நாண் அலகுகள் இருக்கின்றன. அவற்றின் நார் நீளங்கள் 21 சடலங்களிலிருந்து வந்தவை, இறந்தவர்களின் சராசரி வயது 80ஐத் தாண்டும். தசையின் கன அளவு வந்தது 24 ஆரோக்கியமான இளைஞர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து. மிக நல்ல வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சாட்ஸ்வொர்த் பெண்ணின் கால் அதில் இல்லை. மென்பொருளில் ‘ஸ்கேல்’ பொத்தானை அழுத்தினால் எலும்பு நீளும், அகலும், அவ்வளவுதான். முறுக்கு அப்படியே சராசரியாகவே இருக்கும். அவளுடைய பிரச்சினையே முறுக்குதான் எனும்போது, அந்தப் பொத்தானை மட்டும் நம்பினால் அவளுக்குப் பிரச்சினையே இல்லை என்றுதான் மாடல் சொல்லும்.

சரி, வேலைக்கு வருவோம். படம் எடுக்கும் முன் காகிதம். தென்னாப்பிரிக்காவில் உடல்நலத் தகவல், போப்பியா என்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம் அது, 2021 ஜூலை 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், அதோடு பிள்ளைக்கும் புரியும்படி சொல்லி அவளுடைய விருப்பத்தையும் கேட்க வேண்டும். ஆய்வாகச் செய்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு மார்க்கர்கூட (கேமரா அசைவைப் பின்தொடர உடம்பில் ஒட்டும், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டை) ஒட்டாதீர்கள். ஸ்கேன் கோப்புகளில் பெயரும் பிறந்த தேதியும் உள்ளே பதிந்திருக்கும், கோப்பின் பெயரை மாற்றினால் அவை போகாது. கோப்பைத் திறந்து வேலை தொடங்குவதற்கு முன்பே அவற்றை அழிக்கும் வழியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா? எலும்பின் வடிவத்துக்கும் அடர்த்திக்கும் சி.டி. தான் ராஜா. ஆனால் 16 வயதுப் பெண்ணின் இடுப்பில் கதிர்வீச்சை வீண் செய்ய மனசு வரவில்லை, எங்கள் கேள்விக்கு அடர்த்தி தேவையும் இல்லை. அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னோம். இங்கே ஸ்கேன் எடுப்பவரிடம் நீங்களே போய்ப் பேச வேண்டும், சீட்டில் எழுதி அனுப்பினால் போதாது. இடுப்பு ஸ்கேன் என்று எழுதினால் அவர் வழக்கப்படி தொடை எலும்பின் மேல்பாதியில் நிறுத்திவிடுவார். தொடை எலும்பின் முறுக்கு என்பது மேலே எலும்பின் கழுத்துக்கும் கீழே முழங்கால் குமிழ்களின் பின்விளிம்புக்கும் இடையிலான கோணம். முழங்கால் படத்தில் இல்லையென்றால் அந்தக் கோணமும் இல்லை. கணுக்காலையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தொடை உள்ளே முறுக்கினால் பல பிள்ளைகளுக்குக் கீழ்க்கால் எலும்பு வெளியே முறுக்கி அதை ஈடுகட்டியிருக்கும், ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மூன்று மூட்டையும் ஒரே படுக்கையில், நடுவில் எழுந்திருக்காமல் எடுக்க வேண்டும். நாங்கள் இரண்டு பாதங்களையும் துணிப் பட்டையால் சேர்த்துக் கட்டிவிட்டோம். மூட்டுகளின் அருகே 1 மில்லிமீட்டர் அடுக்கு, நடுத்தொடையில் தசைக்காக 5 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

படத்திலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சி.டி. என்றால் 200, 250 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு (சி.டி. படத்தில் அடர்த்தியைக் காட்டும் எண்) மேலே உள்ளதை எடு என்று சொன்னால் எலும்பின் பெரும்பகுதி தானாக வந்துவிடும், இப்போது தானே அடையாளம் கண்டு பிரிக்கும் நீட்சிகளும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் அந்த வித்தை பலிக்காது. எலும்பின் கெட்டியான வெளி ஓடு கறுப்பாகத் தெரியும், அதை ஒட்டியிருக்கும் தசைநாணும் கறுப்பு. இரண்டும் சேருமிடத்தில் எது எது என்று உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். ஐந்து அடுக்குக்கு ஒன்று கையால் வரைந்துவிட்டு, இடையில் உள்ளதை நிரப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். இடுப்பு மூட்டில் மட்டும் அப்படி விடாதீர்கள். பந்தும் கிண்ணமும் நெருங்கும் இடத்தில் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மென்பொருள் இரண்டையும் ஒட்டவைத்து ஒரே எலும்பாக்கிவிடும். அங்கே ஒவ்வொரு அடுக்காகப் போய்ச் சின்னத் தூரிகையால் பிரியுங்கள். எனக்கு ஒரு இடுப்புக்கு ஒரு முழு மதியம் ஆகும், அவசரப்பட்ட நாட்களில் மறுநாள் திரும்பச் செய்திருக்கிறேன்.

பிரித்த எலும்பை வெளியே எடுக்கும்போது இரண்டு பொறிகள். ஸ்லைசர் மில்லிமீட்டரில் தரும், ஓப்பன்சிம் மீட்டரில் படிக்கும், மாற்றாமல் விட்டால் 430 மீட்டர் நீளத் தொடை எலும்பு கிடைக்கும். இது உடனே தெரிந்துவிடும், பயமில்லை. இன்னொன்று ஆபத்தானது: அச்சுகளின் திசை. ஸ்கேன் உலகத்தில் ஒரு முறை, ஓப்பன்சிம்மில் முன்பக்கம், மேல்பக்கம், வலப்பக்கம் என்று வேறு முறை. ஒரு அச்சின் குறியைத் தவறாகத் திருப்பினால் வலது கால் இடது காலின் கண்ணாடிப் பிம்பமாகி, பார்க்க அச்சு அசலாகவே இருக்கும். ஸ்கேன் எடுக்கும்போதே வலது தொடையின் பக்கத்தில் ஒரு மீன்எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியும், எது வலது என்ற கேள்வியே வராது.

மூட்டு மையங்கள் எளிது. தொடை எலும்பின் தலைக்கு ஒரு கோளத்தைப் பொருத்தினால் இடுப்பு மூட்டின் மையம் கிடைக்கும், முழங்கால் குமிழ்களின் பின்பகுதிக்கு ஒரு உருளையைப் பொருத்தினால் முழங்கால் மடங்கும் அச்சு கிடைக்கும். பிறகு முறுக்கை அளக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சுமார் 15 பாகை சராசரி, பிறந்த குழந்தைக்கு 30, 40 வரை இருந்து வளர வளரக் குறையும். ஆனால் எலும்பின் கழுத்துக் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதில் பல முறைகள் உண்டு, ஒரே எலும்பில் முறைக்கு முறை 10 பாகைக்கு மேல்கூட மாறும். அறுவை செய்யும் மருத்துவர் எந்த முறையில் யோசிக்கிறாரோ அதே முறையில் அளந்து, முறையின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் ஒரு முறையில் 38 என்று சொல்ல, அவர் இன்னொரு முறையின் 15ஓடு அதை ஒப்பிட்டால் திருப்புகிற அளவே தப்பாகிவிடும். இது ஒரு பிள்ளையின் கால்.

தசைகளில் நாங்கள் கொஞ்சம்தான் கைவைத்தோம். 1938இல் ஏ.வி. ஹில் தவளைத் தசையை வைத்துக் கண்ட உறவுகள்தான் இன்றைக்கும் எல்லா மாடலிலும் ஓடுகின்றன. ஒவ்வொரு தசைக்கும் அதிகபட்ச விசை, நாரின் உகந்த நீளம், தசைநாண் தளர்வாக இருக்கும் நீளம், நார் சாய்ந்திருக்கும் கோணம் என்று சில எண்கள். எம்.ஆர்.ஐ.யிலிருந்து கன அளவு கிடைக்கும், அதை நார் நீளத்தால் வகுத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு, அதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று பெருக்கினால் அதிகபட்ச விசை. அந்தப் பெருக்கு எண்ணை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக, 20 முதல் 60 வரை எடுக்கிறது. ஆகவே விசை உண்மையிலேயே அளந்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். தசைநாணின் தளர்வு நீளத்தை ஸ்கேனில் பார்க்கவே முடியாது, ஆனால் அது ஒரு சென்டிமீட்டர் மாறினாலே சில தசைகளின் விசை தலைகீழாகும். எலும்பை மாற்றிய பிறகு தசை தன் நீளவரம்பில் பழையபடி வேலை செய்கிறதா என்று சரிபார்த்து, நார் நீளத்தையும் நாண் நீளத்தையும் சேர்த்தே சரிக்கட்டுங்கள்.

நெம்புதூரத்தையும் வரைந்து பாருங்கள், அதாவது மூட்டின் அச்சிலிருந்து தசை எவ்வளவு தள்ளி இழுக்கிறது என்பதை, கோணத்துக்கு எதிராக. கோடு வழவழப்பாக இருக்க வேண்டும். திடீரென்று குதித்தால் தசை எலும்பின் மேல் சுற்றுவதற்குப் பதிலாக எலும்பைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று பொருள். சாதாரண நடைக்குச் சரியாக இருந்த மாடல் அரைமண்டியில் இப்படிச் சிதறும், அவ்வளவு ஆழமாக யாரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். ஆனால் தசை இழுக்கும் திசை மாறுவதெல்லாம் பிழை அல்ல. இடுப்பின் உள்ளே பிரிஃபார்மிஸ் என்று ஒரு சின்னத் தசை உண்டு, நிற்கும்போது தொடையை வெளியே சுழற்றும், இடுப்பை 90 பாகை மடக்கினால் உள்ளே சுழற்றும். உண்மையான உடம்பிலேயே அது அப்படித்தான்.

இனி அசைவைப் பதிவு செய்வது. எங்களிடம் அகச்சிவப்புக் கேமராக்களும் தரையில் பதித்த விசைத் தட்டுகளும் இருக்கின்றன. கேமரா நொடிக்கு 200 படம், தட்டு நொடிக்கு 1000 அளவு. அந்த வசதி இல்லாதவர்கள் ஓப்பன்கேப்பைப் பாருங்கள். இரண்டு ஐபோனும் ஒரு சதுரங்கக் கட்டம் அச்சடித்த அட்டையும் போதும், 2023இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது, ஆய்வுக்கு இலவசம். நடை, உட்கார்ந்து எழுவது போன்றவற்றுக்கு நன்றாகவே வருகிறது. தொடையின் சுழற்சிதான் கேள்வி என்றால் நான் அதை இன்னும் நம்பமாட்டேன்.

அன்று அந்தப் பெண் சலங்கையோடு வந்திருந்தாள். “அங்கிள், சலங்கை கட்டிக்கொண்டே ஆடலாமா? அது இல்லாமல் தட்டடவு போட்டால் கணக்குத் தப்புகிறது” என்று கேட்டாள். கட்டச் சொல்லிப் பார்த்தோம். திரையில் அவள் கணுக்காலைச் சுற்றி நாற்பது ஐம்பது பொய் மார்க்கர்கள் மினுங்கின, ஒவ்வொரு மணியும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கடைசியில் அவளுடைய டீச்சர் ஓரமாக உட்கார்ந்து தட்டுக்கழியில் தாளம் போட, சலங்கை இல்லாமல் ஆடினாள். மூக்குத்தி, கொலுசு, வளையல், சரிகை போட்ட துணி, எல்லாவற்றையும் முன்பே சொல்லிக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றக்கூடாதது என்று அவர்கள் நினைப்பது ஏதாவது இருந்தால் மங்கலான டேப்பால் மூடிவிடலாம், வற்புறுத்த வேண்டாம்.

இடுப்பின் முன்முனை எலும்பில் மார்க்கர் ஒட்டுவதற்கு விரலால் தேட வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் உதவியாளர்தான் செய்ய வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்கட்டும், எங்கே எதற்காகத் தொடப்போகிறோம் என்று தொடும் முன் சொல்ல வேண்டும். இந்தப் பெண் ஒல்லி, எளிதாகக் கிடைத்தது. வயிறு போட்டவர்களுக்கு மார்க்கர் எலும்பிலிருந்து சில சென்டிமீட்டர் முன்னே நிற்கும், இடுப்பு சாய்ந்திருப்பதாக மாடல் நினைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பக்கவாட்டு இடுப்பு விளிம்பிலும் பின்னே முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பிலும் கூடுதலாக ஒட்டி, ஸ்கேனிலிருந்து தோலுக்கும் எலும்புக்கும் உள்ள தூரத்தை எடுத்துக் கழியுங்கள்.

பாதத்தைத் தரையில் அறைந்து ஆடும் தட்டடவுக்கு இன்னொரு கவனம். நடைக்குப் பழகியவர்கள் தரவை 6 ஹெர்ட்ஸில் வடிகட்டுவார்கள், அதாவது நொடிக்கு 6 முறைக்கு மேல் வேகமான அதிர்வுகளை நீக்கிவிடுவார்கள். பாதம் தரையில் அறையும் அந்தக் கணம் அப்படியே கரைந்து போகும். நாங்கள் 20 வரை ஏற்றினோம். முக்கியமாக மார்க்கர் தரவுக்கும் விசைத் தரவுக்கும் ஒரே எண்ணை வையுங்கள், இல்லாவிட்டால் பாதம் அறையும் இடத்தில் முழங்காலில் இல்லாத திருப்புவிசை ஒன்று முளைக்கும்.

இப்போது நான் கோட்டை விட்ட இடம். முதல் சுற்றில் எல்லாம் அழகாக ஓடியது, மார்க்கர் பிழை, அதாவது மாடலின் மார்க்கருக்கும் பதிவான மார்க்கருக்கும் உள்ள தூரம், சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குள். அரைமண்டியில் இடுப்பு 52 பாகை வெளியே சுழல்கிறது என்று மாடல் சொன்னது. பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே அவளைக் குப்புறப் படுக்க வைத்துக் கையால் அளந்து எழுதிய தாள் என் மேசையில் இருந்தது: வெளிச் சுழற்சி 25, உட்சுழற்சி 70. படுக்க வைத்து ஒருவர் தள்ளினாலே 25க்கு மேல் போகாத இடுப்பு, நின்று ஆடும்போது எப்படி 52 போகும்? அந்தத் தாளை நான் அப்போதுதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இடுப்பை மடக்கினால் இந்த எண் கொஞ்சம் மாறும், அதற்காக இரட்டிப்பாகாது.

காரணம் மாடலின் முழங்காலில் இருந்தது. அந்த மாடலில் முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நீளும், தன் இஷ்டத்துக்கு முறுக்காது. நடைக்கு அது போதும். அரைமண்டியில் பாதம் வெளியே பார்த்து நிற்கிறது, அந்தத் திருப்பத்தை யாராவது ஏற்றாக வேண்டும். முழங்காலுக்கு அனுமதி இல்லை என்பதால் மென்பொருள் முழுவதையும் இடுப்பின் கணக்கில் எழுதிவிட்டது. உண்மையில் இடுப்பால் முடியாத மிச்சத்தை அவள் முழங்காலும் கணுக்காலும்தான் முறுக்கி ஈடுகட்டிக்கொண்டிருந்தன. வலியின் காரணமாக இருக்கக்கூடிய அதே அசைவை மாடல் பூட்டி வைத்திருந்தது.

பிறகு முழங்காலுக்கு நீளவாட்டுச் சுழற்சியைத் திறந்துவிட்டு, இணைப்புநார்கள் தருகிற எதிர்ப்பை ஒரு விறைப்பாகச் சேர்த்து, இடுப்பின் சுழற்சிக்கு அவளிடம் அளந்த எல்லையையே எல்லையாக வைத்தோம். தொடையின் தோல் சுழற்சியில் வெகுவாக வழுக்கும் என்பதால் தொடை மார்க்கர்களை முழங்காலுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம், தகட்டில் பொருத்தித் திரும்பப் பதிவு செய்தோம். அந்தப் பிள்ளை இரண்டாவது முறையும் முகம் சுளிக்காமல் வந்தாள். பயன்படுத்தும் மாடலில் எந்த மூட்டு எதைச் செய்ய அனுமதிக்கப்படவில்லை என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முழங்கால் சில்லு பக்கவாட்டில் நழுவுவதையும் இந்த மாடல் காட்டாது, அதற்குத் தனி முழங்கால் மாடல் வேண்டும். இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டோம்.

மூட்டுக் கோணங்கள் சரியான பிறகு வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மூட்டுகளின் திருப்புவிசை, அதைத் தசைகளுக்குப் பங்கிடுவது, பிறகு மூட்டுக்குள் எலும்பு எலும்பை அழுத்தும் விசை. தசைகளின் செயல்பாட்டை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைச் சிறிதாக்கும்படி பங்கிடுவது வழக்கம். அந்த முறை எதிரெதிர்த் தசைகள் சேர்ந்து இறுகுவதைக் குறைத்துக் காட்டும். அரைமண்டியில் ஆடுகிறவர்கள் தொடையின் முன்னும் பின்னும் சேர்த்தே இறுக்குகிறார்கள், தசையின் மின்சமிக்ஞையைப் பதியும் மின்தசைப் பதிவில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே வருகிற அழுத்த விசையைக் குறைந்தபட்ச மதிப்பாகத்தான் படிக்க வேண்டும்.

நடனத்தைக் கணக்கிடுவதற்கு முன் அதே ஆளின் சாதாரண நடையைக் கட்டாயம் கணக்கிடுங்கள். ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அங்கேதான் உண்மையான அளவுகள் உண்டு. பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையில் பெர்க்மன் குழு, உள்ளே உணரி வைத்த செயற்கை மூட்டுகளைச் சில நோயாளிகளுக்குப் பொருத்தி நேரடியாக அளந்தது, அந்த அளவுகளை ஆர்த்தோலோட் என்ற பெயரில் இணையத்தில் யாரும் பார்க்கலாம். நடக்கும்போது இடுப்பில் உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு, முழங்காலில் சுமார் 2.6 மடங்கு, படி இறங்கும்போது முழங்காலில் 3.5 மடங்கு அளவில். அவர்கள் வயதானவர்கள், செயற்கை மூட்டு உள்ளவர்கள், அச்சாக ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாடல் நடையிலேயே 6 மடங்கு காட்டினால் அரைமண்டிப் பக்கம் போகாதீர்கள், முதலில் பிழையைத் தேடுங்கள்.

எலும்பு உடையுமா, திருகாணி தாங்குமா என்பது மாதிரியான கேள்வி என்றால் பாதை வேறு. அங்கே சி.டி. வேண்டும், எலும்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும். ஸ்கேனின் சாம்பல் நிறத்தை அடர்த்தியாக்கி, அடர்த்தியை விறைப்பாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கெட்டியான ஓட்டுக்கு 17, 18 கிகாபாஸ்கல் வரும், உள்ளே பஞ்சு எலும்புக்கு அதில் சின்னப் பங்குதான். அளவு தெரிந்த தாது அடைத்த கட்டையை நோயாளியின் கீழே வைத்து ஸ்கேன் செய்யாவிட்டால் ஒரு இயந்திரத்தின் எண் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. இந்தக் கணக்குக்கு இலவசமாக ஃபெபியோ என்ற மென்பொருள் இருக்கிறது, இத்தாலியின் பொலோன்யாவிலிருந்து வரும் போன்மேட் என்ற மென்பொருள் விறைப்பைத் துண்டுகளுக்கு ஏற்றித் தரும். துண்டுகளைப் பாதியாக்கியும் விடை மாறாத வரை சின்னதாக்கிக்கொண்டே போங்கள்.

சி.டி. பேச்சு வந்ததால் இதையும் சொல்ல ஆசை. அதன் கணிதத்தைத் தொடங்கி வைத்த ஆலன் கார்மாக் ஜோகன்னஸ்பர்க்கில் 1924இல் பிறந்தவர். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1956இல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்க வேலையை மேற்பார்க்கப் போனார். கதிர் சிகிச்சைக்கு அளவு குறிக்கும்போது உடம்பு முழுவதும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்வதை அங்கே கண்டார், அது எப்படிச் சரியாகும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் 1963இலும் 1964இலும் வந்த அவருடைய கட்டுரைகள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979இல், சி.டி. இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து நோபல் பரிசு. இந்த நாட்டில் இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறபோது எனக்கு அவர் அடிக்கடி நினைவுக்கு வருவார்.

விடை ஒரு எண்ணாக வந்ததும் எழுந்துவிடாதீர்கள். முறுக்கை 5 பாகை கூட்டிக் குறைத்து, தசை விசைகளை 20 சதவீதம் கூட்டிக் குறைத்து, முழங்கால் விறைப்பைப் பாதியாக்கி இரட்டிப்பாக்கி, பைத்தானில் ஒரு நிரல் எழுதி இருநூறு முறை ஓட்டுங்கள். இரவு முழுக்க ஓடும், நடுவில் மின்சாரம் போனாலும் வீணாகாதபடி ஒவ்வொரு ஓட்டத்தின் விடையையும் உடனுக்குடன் வட்டில் எழுதும்படி வையுங்கள். பெரிய கணக்கென்றால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேப்டவுனில் உள்ள தேசிய மீக்கணினி மையத்தில் இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு வந்த விடைகளின் பட்டையில், அதாவது மிகக் குறைந்த விடையிலிருந்து மிகக் கூடியது வரை, எலும்பைத் திருப்பினால் அரைமண்டியில் முழங்காலின் முறுக்குவிசை குறைந்தது, ஆனால் எவ்வளவு என்பது முழங்காலின் விறைப்பாக எதை எடுத்தோம் என்பதைப் பொறுத்து வெகுவாக மாறியது. நடையில் திருப்புவதால் வந்த மாற்றம் மிகச் சின்னது. இன்னொன்றையும் ஓட்டிப் பார்த்தோம்: எலும்பைத் தொடாமல், பாதத்தின் வெளித்திருப்பத்தை மட்டும் குறைத்தால்? முறுக்குவிசை அதிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்தது.

மருத்துவரிடம் கொண்டுபோகும்போது நிறம் நிறமான படத்தை முதலில் காட்டாதீர்கள். கேள்வி, அளந்தவை, கடன் வாங்கியவை, விடையின் பட்டை, மாடலால் சொல்ல முடியாதவை, எல்லாம் ஒரே பக்கத்தில். முடிவெடுப்பவர் அவரும் குடும்பமும்தான். இந்த மாடலை மென்பொருளாக்கி மற்ற நோயாளிகளின் சிகிச்சைக்கு விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் அது மருத்துவச் சாதனம் ஆகிவிடும், சாப்ரா என்கிற மருந்து, சாதன ஒழுங்குமுறை ஆணையத்திடம் போக வேண்டும்.

மருத்துவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இப்போதைக்கு அறுவை வேண்டாம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார். அந்த அம்மா டீச்சரை அழைத்துக்கொண்டு திரும்ப வந்தார். பாதம் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பாவிட்டால் அரைமண்டியே இல்லையே தம்பி என்று டீச்சர் முதலில் தயங்கினார். திரையில் எலும்பைச் சுற்றிக் காட்டினேன், இடுப்பு எங்கே முட்டி நிற்கிறது, அதற்கு மேல் போகிற ஒவ்வொரு பாகையும் எங்கே போகிறது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வகுப்புக் கூடத்தின் தரையில் அவளுக்கென்று நீல டேப்பில் இரண்டு கோடு ஒட்டியிருந்தார்கள், மற்றப் பிள்ளைகளின் கோட்டைவிடக் குறுகலாக. அந்தக் கோணத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஆறு மாதம் கழித்து அளக்கும்போது தேவைப்படும்.